கொத்தோமிலி என்று சொல்கிற பிள்ளைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரீஷியஸின் தென்கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. உங்கள் தளத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். தமிழில் எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தவணை முடியும்போதும் பெற்றோருக்கு இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை அனுப்புவேன். பிரெஞ்சில்தான். பள்ளியில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கப்போகிறது, யார் யார் உதவினார்கள், இன்னும் என்ன உதவி வேண்டும் என்று எழுதுவேன். இந்த முதல் தவணை அறிக்கையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் சாரம் இது.

ஜனவரியில் கிரேடு 1-க்குப் புதிய பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் வாசலை விட்டு நகராமல் நின்ற அம்மாக்கள்தான் அதிகம். பிள்ளைகள் சீக்கிரமே அடங்கிவிட்டார்கள். புயல் எச்சரிக்கைக்காக ஒரு முறையும் அடைமழைக்காக இரண்டு முறையும் பள்ளியை மூட வேண்டியதாயிற்று. மழை விட்டதும் வகுப்புகளுக்குள் புகுந்திருந்த சேற்றைப் பெற்றோரே வந்து அள்ளிக் கழுவிவிட்டார்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பாட்டும் நடனமும் தந்தார்கள். மார்ச் 12 சுதந்திர தினத்துக்காக நால்வண்ணக் கொடியேற்றி, கேக்கும் ஜூஸும் கொடுத்தோம். பள்ளிக்குப் பின்னால் கல்லும் புல்லுமாகக் கிடந்த இடத்தைத் திருத்தி ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். கிரேடு 4, 5 பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்தது. வருட முடிவில் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. எழுதப்போகும் கிரேடு 6 பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தினோம்.

அந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாய் மட்டும் காத்திருந்தார். கீழ் வகுப்பில் இருக்கும் தன் இளைய மகளைப் பற்றிப் பேசத்தான் நின்றாராம். "மிஸ், அவளைத் தமிழிலிருந்து கிரியோலுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் பேசுகிற மொழி, சுலபமாக மார்க் வாங்குவாள். தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்? கோவில் பாட்டுப் புத்தகமே ஆங்கில எழுத்தில்தானே இருக்கிறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இரவு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் தமிழைப் பற்றி ஒரே ஒரு வரி. "தமிழ் மாணவர்கள் வண்ணமயமான கலைநிகழ்ச்சியை வழங்கினர்." அந்தத் தாய் சொன்னது சரிதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல இருந்தது. அவருக்கு என்ன சொல்லட்டும்? பள்ளியில் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
ஒரு தலைமையாசிரியை


அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தமிழில் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. 'அடைமழை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை இந்தத் தீவில் ஒருவர் கைப்பட எழுதி நான் படித்து வெகுகாலம் ஆகிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

இணைத்திருந்த அறிக்கையையும் படித்தேன். தமிழைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்கிறீர்கள். நான் பென்சிலால் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். குறைந்தது நான்கு இடத்தில் இருக்கிறது. தோட்டத்தைப் பற்றிய பத்தியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்னென்ன நட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள்: கொத்தோமிலி, காரிபுலே, பிப்பங்காய், வேலியோரத்தில் இரண்டு முரும் கிளை. பிரெஞ்சு வாக்கியத்துக்கு நடுவே, நம் தீவில் எல்லோரும் சொல்கிற கிரியோல் பெயராகவே எழுதிவிட்டீர்கள். அந்த நான்கும் எங்கிருந்து வந்தவை? கொத்தோமிலி நம் கொத்தமல்லி. காரிபுலே கறிவேப்பிலை. பிப்பங்காய் பீர்க்கங்காய். முரும் முருங்கை. கலைநிகழ்ச்சி வரியில் நீங்கள் தேடிய தமிழ், அதற்குக் கீழே ஒரு பத்தி தள்ளி மண்ணுக்குள் வேர்விட்டு நிற்கிறது.

இந்தச் சொற்கள் இங்கே வந்து வெகுநாளாகிறது. கூலிக் கப்பல்கள் 1834-ல் வந்து சேருவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே, 1735-ல் ஆளுநராக வந்த லபூர்தொனே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். போர்ட் லூயியின் தொடக்ககாலக் கட்டடங்களில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. அவர்களும், பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் எழுத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள், சொல்லை அடுப்படியில் விட்டுவிட்டார்கள். அடுப்படியில் விட்டது பிழைத்துக்கொண்டது. இன்றைக்குப் போர்ட் லூயி சந்தையில் ஒரு சீன வீட்டு அம்மா கொத்தோமிலி ஒரு கட்டு கேட்கிறார். ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் பிரேத் முரும், அதாவது முருங்கைக் கீரை, பறிக்க மரமேறுகிறான். தாங்கள் பேசுவதில் தமிழ் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அது தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். தமிழுக்கு நாம் மேடையில் இடம் கொடுக்கிறோம். பள்ளிக்குள் அதற்கு ஒரு வேலையும் கொடுப்பதில்லை. வேலையில்லாத மொழியைப் பிள்ளைக்கு எதற்கு என்று தாய் கேட்கத்தான் செய்வாள்.

இடத்துக்காக நாம் போராடாமல் இல்லை. 1995-ல் இந்திய மொழிகளையும் மற்றக் கீழை மொழிகளையும் அப்போதைய ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான சி.பி.இ.யின் தரவரிசைக்குக் கணக்கில் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் தோற்றது. தேர்தல் வந்தது, ஆட்சியே மாறியது. 1998 நவம்பரில் வந்த புதிய ரூபாய்த் தாள்களில், தொகையை அச்சிடும் மொழிகளின் வரிசையில் தமிழ் இரண்டாவது இடத்திலிருந்து மூன்றாவதற்கு இறங்கியபோது நம்மவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறு வருடம் வெளியிட்டார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. அன்று நானும் உடன் நின்றேன், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அந்தத் தாளை எடுத்து, அதில் தமிழில் அச்சாகியிருக்கும் தொகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை நம் வீடுகளில் எத்தனை? வரிசையில் இரண்டாவதாக நிற்கும் அந்த எழுத்து, படிப்பவருக்காகக் காத்துக்கிடக்கிறது. நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து 25 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, தமிழ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். தாள் கை மாறிக் கை மாறிப் போகும். கண்டுபிடித்த பிள்ளை போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். தினமும் கடையில் நீட்டுகிற தாளில் தனக்குத் தெரிந்த எழுத்து இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருக்காது.

இப்போது அந்தத் தாயிடம் வருகிறேன்.

முதலில் ஒன்று. அவரிடம் கிரியோலைக் குறைத்து ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள். 2012-ல் கிரியோல் ஒரு விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் வந்ததை நான் மனதார வரவேற்றேன், அன்றே எழுதவும் செய்தேன். நாடே பேசுகிற மொழியை, உடைந்த பிரெஞ்சு என்று சொல்லி நூற்றாண்டுகளாகப் பள்ளி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த அநியாயம் நீங்கியது நல்லது. நம் பிள்ளைகள் கனவு காண்பதும் கோபித்துக்கொள்வதும் அந்த மொழியில்தான். தமிழா கிரியோலா என்று அந்தத் தாயிடம் வழக்காடினால் இரண்டுக்கும் கேடு. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், முகம் கோணாமல் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கு முன் அவரை ஒரு நாள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மகளும் கூட இருக்கட்டும். 'இது என்ன செடி?' என்று அந்தச் சிறுமியைக் கேளுங்கள். கொத்தோமிலி என்பாள். 'இது?' காரிபுலே என்பாள். அப்போது தாயிடம் சொல்லுங்கள்: "அம்மா, உங்கள் மகளுக்குப் பாதித் தமிழ் ஏற்கெனவே தெரியும். நீங்கள் கொடுத்தது, உங்களுக்கு உங்கள் அம்மா கொடுத்தது. மீதிப் பாதியைக் கொடுக்கத்தான் இந்த வகுப்பு." இந்தியாவில் உதவித்தொகை கிடைக்கும், வேலை கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு தலைமுறையை ஏமாற்றம் அடைய வைத்தோம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தூரத்துப் பேச்சு. தன் வாயில் இருக்கிற சொல் தன் கையிலும் எழுத்தாக வரும் என்பது அவளுக்கு இன்றைக்கே கிடைக்கிற பலன்.

கோவில் பாட்டுப் புத்தகம் ஆங்கில எழுத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை மறுக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் போன ஒரு சமூகத்தை அந்த எழுத்துதான் ஊமையாகாமல் காத்தது. அச்சடித்த பெரியவர்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனால் அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு வருடம் காவடிக்காக ஒரு பையனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். குரல் தேன். 'பழம்' என்று வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'பலம்' என்று பாடினான். அவன் கையிலிருந்த தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. முருகன் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய கதையைப் பலத்துக்காகக் கோபித்துக்கொண்டதாக அவன் புரிந்து வைத்திருந்தான். பலசாலிக்குக் கோபம் வருவது இயல்புதானே என்று என்னிடமே விளக்கமும் சொன்னான். கரும்பலகையில் ழ போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப மாம்பழமா?" என்றான். அந்த வருடம் பால்குடம் தூக்கிக்கொண்டு அவன் பாடிப் போனதைக் கேட்டேன். அந்தச் சொல் வரும்போது மட்டும் குரலை ஒரு படி ஏற்றினான்.

ழ எனக்கே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்தபோது நான் நான்காம் ஸ்டாண்டர்ட். ரோஸ் ஹில்லுக்குப் பக்கத்தில் தகரக் கூரை வீடு. கூரை முதல் சுற்றிலேயே போய்விட்டது. எங்கள் தெருவில் இருந்த பல குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குள் தஞ்சம் புகுந்தன. என் வகுப்பிலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. மேசைகளை ஒன்றாகத் தள்ளிக் கட்டிலாக்கினார்கள். ஜன்னல் கம்பிகளில் ஈரப் புடவைகள். மண்ணெண்ணெய் அடுப்பில் யாரோ ராசோன் வைத்தார்கள். நம் ரசம்தான், அன்று அந்த அறையில் எல்லா மதத்தாரும் அதைத்தான் குடித்தார்கள். கரும்பலகையில் எங்கள் தமிழ் ஆசிரியர் புயலுக்கு முன் எழுதிப்போட்ட சொற்கள் அப்படியே இருந்தன. இரண்டாம் நாள் காற்று அடங்கி, சாரல் மட்டும் இருந்தது. எனக்கு வேலையில்லை. ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, படித்துக் காட்டலாம் என்று பலகையைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'மழை' என்று இருந்ததை 'மலை' என்று படித்தேன்.

என் ஆயாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. கரும்புத் தோட்டத்தில் பிறந்து கரும்புத் தோட்டத்திலேயே கிழவியானவள். கிரியோல்தான் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ். என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். வெளியே கோர் தெ கார்த் மலை நனைந்து கருப்பாக நின்றது. "அங்க பாரு, முருகன் கோவில் இருக்குதே, அது மலை" என்றாள். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையில் நாலு துளி பிடித்து என் முகத்தில் தெளித்தாள். "இது மழை." நாக்கை மேலே மடக்கி எப்படிச் சொல்வது என்று வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லாத வாய். நான் சொன்னேன். இல்லை என்றாள். மறுபடி சொன்னேன். பத்துப் பதினைந்து தடவை ஆகியிருக்கும். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு தடவை சரியாக வந்தது. அதன் பிறகு அது போகவில்லை.

பிற்பாடு முப்பது வருடம் நான் தமிழ் சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் அந்த ஜன்னலைத்தான் தேடினேன். எழுத்து பலகையில் இருந்தது. ஒலி ஆயாவின் வாயில் இருந்தது. பொருள் வெளியே பெய்துகொண்டிருந்தது. மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் எனக்கு வந்தது. நம் வகுப்புகளில் எழுத்து மட்டும் இருக்கிறது. கோவிலில் ஒலி மட்டும். அடுப்படியில் பொருள் மட்டும். உங்களிடம் ஒரு தோட்டம் இருக்கிறது, அதில் மூன்றையும் ஒன்றாக வைக்க முடியும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இனி, செய்ய வேண்டியது.

மொழிப் பாட மணி அடித்ததும் பள்ளியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் பிரிவார்கள். இந்தி ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு, கிரியோல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் அறைக்கு. தமிழ் ஆசிரியர் சாக்பீஸ் டப்பாவையும் ஏழெட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த அறை காலி என்று தேடுவார். நான் மூன்று வருடம் விளையாட்டுச் சாமான் அறையில் வகுப்பெடுத்தேன், கால்பந்து மூட்டைகளுக்கு நடுவே. உங்கள் தமிழ் ஆசிரியரை அப்படி அலையவிடாதீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை தோட்டத்தை அவருக்கென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நேர அட்டவணையிலேயே வரட்டும். மழை நாளில் வேண்டாம், மற்ற நாளில் அறை தேடும் தொல்லையும் தீரும்.

அங்கே முதல் வேலை பெயர்ப் பலகை. கடையில் அச்சடித்தது வேண்டாம். பிள்ளைகளே பலகைத் துண்டில் பெயிண்டால் எழுதட்டும். மேலே கிரியோல், கீழே தமிழ். கொத்தோமிலி, கொத்தமல்லி. முரும், முருங்கை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்போது எந்தெந்த ஒலி கடலைத் தாண்டும்போது உதிர்ந்தது, எது மாறியது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பீர்க்கங்காயின் முதல் எழுத்து பிப்பங்காயில் எப்படிக் குறுகிப்போனது என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் அதுதான். புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது, தவணைக்கு ஒரு நாள் பிரிந்து போன மொழிகளெல்லாம் தோட்டத்தில் சேரட்டும். ஒரே செடிக்கு இந்திப் பிள்ளை ஒரு பெயர் சொல்லட்டும், சீனம் படிக்கும் பிள்ளை ஒரு பெயர் சொல்லட்டும். கொத்தமல்லி அருகே வரும்போது தமிழ் படிக்கும் பிள்ளை எழுந்து, நாம் எல்லோரும் சொல்கிற கொத்தோமிலி எங்கள் ஆயாக்கள் கொண்டுவந்த சொல் என்று சொல்லட்டும். மேடையில் ஆடி முடித்து வாங்கும் கைதட்டலைவிட அந்தப் பிள்ளைக்கு இது அதிக நாள் நினைவிருக்கும். இந்தத் தீவின் சாப்பாட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று அதற்குத் தெரிந்துவிடும்.

பாட்டிமார்களைக் கூப்பிடுங்கள். ஆனால் சால்வை போட்டு நாற்காலியில் உட்காரவைக்க வேண்டாம். மண்வெட்டி கொடுங்கள். விதை எவ்வளவு ஆழம், எந்தச் செடிக்குப் பந்தல், எந்த வேளையில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அவர்கள் பிள்ளைகளை அதட்டட்டும். அதட்டலில்தான் அவர்களுக்குத் தமிழ் வரும், என் ஆயாவுக்கு வந்தது போல. கூப்பிட்டால் வருவார்களா என்று உங்கள் ஊரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 2020-ல் வகாஷியோ கப்பல் உங்கள் கரைக்கருகே பாறையில் ஏறி எண்ணெய் கசிந்தபோது, யாரும் சொல்லாமலே கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவை செய்து கடலில் இறங்கிய மக்கள் அவர்கள். இந்தத் தவணையில் உங்கள் வகுப்புகளின் சேற்றை அள்ளியதும் அவர்கள்தான். வேலைக்குக் கூப்பிட்டால் வருகிறவர்களை நாம் விழாவுக்கு மட்டும் கூப்பிடுகிறோம்.

காவடி நிகழ்ச்சியை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஆடட்டும், பாடட்டும். ஆனால் அறிக்கையில் அதை வேறு மாதிரி எழுதலாம். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்துகொண்டே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உங்களிடம் இருந்திருப்பார்கள். பக்கத்துப் பையன் கோழி வைத்த ரொட்டியைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழைப்பழம் தின்ற பிள்ளை. அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் தானும் சைவச் சாப்பாடு கொண்டுவந்த தோழன். இப்படி ஒன்று எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, என் வகுப்பிலும் நடந்திருக்கிறது. உங்கள் ஆசிரியர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 'வண்ணமயமான கலைநிகழ்ச்சி' என்ற இடத்தில் அந்த இரண்டு பிள்ளைகளை எழுதுங்கள். பெயர் வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும். உங்கள் அறிக்கையில் என்னை நிறுத்திய வரி முதல் நாள் வாசலில் நின்ற அம்மாக்களைப் பற்றியது. பார்த்து எழுதிய வரி அது. தமிழைப் பற்றியும் பார்த்ததை எழுதுங்கள்.

இன்னொன்று. அறிக்கை பிரெஞ்சிலேயே இருக்கட்டும், பெற்றோருக்கு அதுதான் வசதி. கடைசியில் நான்கு விரல் அளவு இடம் விடுங்கள். தமிழ் படிக்கும் ஒரு பிள்ளை தன் கையெழுத்தில் நான்கு வரி தமிழில் எழுதட்டும், அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். தோட்டத்தில் என்ன முளைத்தது, எத்தனை நாள் மழை, இவ்வளவு போதும். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். வீட்டில் ஆயாவுக்கோ தாத்தாவுக்கோ படிக்கத் தெரியாது, அதனால் பிள்ளைதான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டிவரும். படிக்கும்போது மழை மலையானால் திருத்த ஒரு காது அங்கே இருக்கும். அந்தக் காதுகள் இன்னும் பத்து வருடம் இருக்குமோ பதினைந்து வருடம் இருக்குமோ. இருக்கும்போதே அவற்றுக்கு வேலை கொடுங்கள்.

அந்தத் தாய்க்கு முதலில் எதைச் சொல்வது என்று தயங்கினால், அவர் வீட்டில் செத் காரி சமைக்கும்போது ஏழு கறிக்கும் பெயர் என்ன என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அதற்குப் பதில் சொல்லத் தயங்கும் தாயை நான் இதுவரை பார்த்ததில்லை.

முருங்கைக் கிளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலிக்கு ஒட்டி நட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், உங்கள் பக்கம் மழை வேறு அதிகம். கொஞ்சம் மேட்டில் மாற்றி நடச் சொல்லுங்கள். துளிர்விட்டதும், முதல் கீரையை அந்தச் சிறுமி கையில் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். பீர்க்கங்காய்ப் பந்தல் எப்படி இருக்கிறது என்று அடுத்த தவணை அறிக்கையில் அவசியம் எழுதுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்ப மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகனும் ஆகிவிட்ட ஒரு பழைய தமிழ் ஆசிரியன்